ஐஸில் வைத்த விரல்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணி 40 நிமிடம். வெயில் இறங்கியும் சூடு இறங்கவில்லை. காற்று அசையவில்லை. மொரப்பூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில், என் மருமகள் ஜோதி தட்டு வெட்டும் மிஷினில் மாட்டுத் தீனிக்காகச் சோளத்தட்டைத் (சோளத் தண்டு) தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுபத்தொரு வயது. பால் சங்கத்தில் இருபத்தொன்பது வருடம் கணக்கு எழுதியவன். எண்ணாமல் எனக்கு எதுவும் நடந்த மாதிரி இருக்காது.

வாசலில் நின்று கேட்டேன்: "ஜோதி, எத்தனாவது கட்டும்மா?"

மாமனார் கேட்டால் திரும்பிப் பார்த்து, முந்தானையைச் சரிசெய்து பதில் சொல்வாள். பதினோரு வருடமாக அப்படித்தான். அன்றும் இடது கை முந்தானைக்குப் போனது, முகம் என் பக்கம் திரும்பியது. வலது கை தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அவள் கத்தவில்லை. "மாமா, நிறுத்துங்க" என்றாள். அவ்வளவுதான்.

அந்த மிஷின் வாங்கும்போது அதன் வாய்க்கு மேல் ஒரு தகர மூடி இருந்தது. கை உள்ளே போகாமல் தடுப்பதற்கு. மூடி இருந்தால் தட்டு அடிக்கடி சிக்கும். கட்டுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகிறது என்று கணக்குப் பார்த்து, வாங்கிய மூன்றாவது வாரமே நான்தான் அதைக் கழற்றினேன். கோழிக்கூண்டுக்குக் கதவாகப் பொருத்தினேன். அளவு சரியாக இருந்தது.

வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயிருந்தன. ஸ்விட்சை அணைத்துவிட்டு, கையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினேன். ஆட்காட்டி விரல் மிஷின் காலடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு எதிரே இருக்கும் கூல்டிரிங்ஸ் கடைக்கு ஓடி, பால் தூக்கில் ஐஸை உடைத்துப் போட்டு, விரலை ஐஸுக்குள் புதைத்து மூடினேன். துண்டான உறுப்பை ஐஸில் வைக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். படித்தது பாதிதான் என்று அப்போது தெரியவில்லை.

108 வண்டி ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. அதில் வந்த பையன், "விரலு எங்கீங்க?" என்று கேட்டு, வெட்டிய தட்டுக் குவியலைக் கிளறினான். நடுவிரல் கிடைத்தது. உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைக் கடைக்காரர் கொண்டுவந்த ஐஸ் மேல் வைத்தான். என் தூக்கைப் பார்த்து, "அதுல என்னங்க?" என்றான்.

"இன்னொரு விரல். பத்திரமா இருக்குது" என்றேன்.

"குடுங்க, பாக்கறேன்."

"நான் வெச்சுக்கறேன் தம்பி. நீ அந்தப் புள்ளையோட ரத்தத்தப் பாரு."

ஜோதிக்கு மயக்கம் வந்துகொண்டிருந்தது. அவன் அவள் பக்கம் திரும்பிவிட்டான். நான் தூக்கை மடியில் வைத்துக்கொண்டேன். பையும் துணியும் குளிரைத் தடுக்குமே, இவன் சரியாகச் செய்யவில்லையே என்று கவலைப்பட்டேன். அந்தக் கவலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சேலத்தில் நுண் அறுவை (உருப்பெருக்கி வழியாகப் பார்த்து, முடி மாதிரியான ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தைப்பது) செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு முப்பத்தைந்து. டாக்டர் முதலில் பையைப் பிரித்தார். பிறகு என் தூக்கைத் திறந்தார். விரல் வெளுத்து, பாதி உருகிய ஐஸ் தண்ணீரில் கிடந்தது.

"நேரடியா ஐஸ்லயே வெச்சிட்டீங்களா?"

"ஆமாங்க."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு மணி ஐம்பது நிமிஷம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, நெருப்பு மாதிரிதான் ஐஸும். நேரா பட்டா சதை செத்துப்போகும். தண்ணில ஊறினாலும் கெட்டுப்போகும். நடுவிரலை முயற்சி பண்றோம். இது முடியாது."

பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "அப்படி வைக்கலைன்னாலும் நூத்துக்கு நூறு ஒட்டும்னு சொல்ல முடியாது. நுனி நசுங்கியிருக்கு" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சில நாள் பிழைத்தேன். பிறகு அதுவும் போதவில்லை. ஒரே கை, ஒரே கத்தி, ஒரே ஐஸ். துணியில் சுற்றிய விரல் பிழைத்தது. நான் பத்திரப்படுத்திய விரல் போனது.

ஏழரை மணி நேரம் அறுவை நடந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஓட்டும் என் மகன் முருகேசன் அதற்குள் வந்துவிட்டான். நடந்ததை எல்லாம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"எங்க கம்பெனில மிஷின்ல நிக்கிறவனைப் பின்னாலேருந்து கூப்புட மாட்டோம்ப்பா. முன்னால போய் நின்னு கையக் காட்டுவோம். அவன் நிறுத்துவான். அப்புறம்தான் பேச்சு."

"இங்க அத சொல்லலையே நீ."

"வூட்டுல எதுக்குச் சொல்லணும்னு நெனச்சேன்" என்றான். வீட்டுக் கொட்டகையும் மிஷின் ஓடும் இடம்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தைத்த விரலின் நிறத்தை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஓடுகிறது. நீலமானால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மற்ற நேரம் தாழ்வாரத்தில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் எப்படி நடந்தது என்று கேட்டேன். மிஷின் மேல் ஒரு குற்றம் கிடைத்தால் என் பங்கு குறையுமே என்ற ஆசைதான். பிரஸ் மிஷினில் நசுங்கிய ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கை குறுக்க வந்தா தானா நிக்கும் பெரியவரே, அப்படி ஒரு கண்ணு இருக்குது. அடிக்கடி நிக்குதேன்னு நாங்கதான் டேப் ஒட்டி வெச்சோம். குருடாக்குனதும் நாங்க, குத்துப்பட்டதும் நாங்க."

நூல் மில்லில் வேலை செய்த அம்மா, மிஷினை நிறுத்தாமலே பஞ்சைத் துடைத்திருக்கிறார். நிறுத்தினால் சூப்பர்வைசர் திட்டுவாராம். மரவள்ளி அரைக்கும் ஆலைக்காரர், தான் கையை விட்டுச் சிக்கலை எடுக்கும்போது வேறொருவர் ஸ்விட்சைப் போட்டுவிட்டார் என்றார். ஒன்பது பேரிடம் கேட்டேன். மிஷின் தானாகக் கெட்டு நடந்தது ஒன்றுகூட இல்லை. மூடியைக் கழற்றியவர், அவசரப்படுத்தியவர், கூப்பிட்டவர், நிறுத்தாமல் கை வைத்தவர். வேறு வேறு தொழில், ஒரே கதை. என் பங்கு குறையவில்லை. நான் ஒருவனே அதில் மூன்று பேராக இருந்தேன்.

இதைப் படிப்பவர் வீட்டிலோ பட்டறையிலோ ஒரு மிஷின் இருந்தால், மூடியைக் கழற்றாதீர்கள். சிக்கினால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள். ஓடும்போது கூப்பிடாதீர்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பையில் கட்டி, பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸும் தண்ணீரும் விரலைத் தொடக் கூடாது. 108-ல் வந்தவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஜோதி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாம் நாள் படுக்கை ஓரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாத்தையும் எண்ணுவீங்களே மாமா, இனிமே என் கைய வெச்சு எண்ணாதீங்க. கணக்கு ஒதைக்கும்."

சிரிக்கத்தான் சொன்னாள். அது வசைதான் என்றாலும் எனக்குத் தகும்.

நடுவிரல் பிழைத்தது. இயன்முறைப் பயிற்சிக்கு (விறைத்த மூட்டை மெல்ல மடக்கப் பழக்குவது) வாரம் இரண்டு முறை சேலம் போய் வந்தோம். நான்காம் மாதம் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். அது நரம்பு வளர்வது என்றார் டாக்டர். எட்டாம் மாதம் கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்துப் பால் கறந்தாள். பழைய வேகம் இல்லை. பனிக்காலத்தில் அந்த விரல் நீலம் பாரித்து வலிக்கிறது, துணி சுற்றிக்கொள்கிறாள்.

எனக்கும் ஒன்று மாறியிருக்கிறது. கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணுவது என் பழக்கம். இப்போது ஆட்காட்டி விரலுக்கு வந்ததும் கட்டைவிரல் நின்றுவிடுகிறது. எதுவரை எண்ணினேன் என்பது மறந்துபோகிறது. எண்ண முடியாததால், ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பதும் சில சமயம் தெரிவதில்லை.

தட்டு வெட்டும் மிஷினை விற்றுவிடலாம் என்றேன். மாட்டுக்கு யார் வெட்டிப் போடுவது என்றாள். கோழிக்கூண்டிலிருந்து மூடியைக் கழற்றி மிஷினில் திரும்பப் பொருத்தினேன். பத்தாம் மாதம் அவள் மறுபடியும் மிஷின் முன்னால் நின்றாள். நான் சுற்றிக்கொண்டு போய் அவள் கண்ணுக்கு நேராக, தள்ளி நின்றேன். பேசவில்லை. சிறிது நேரத்தில் ஸ்விட்சை அணைத்தாள். சக்கரம் நிற்கும்வரை பொறுத்தாள்.

"என்னங்க மாமா?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"எத்தன கட்டுன்னுதான் கேக்க வந்தீங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"பதினாலு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு. மருந்துக்குப் பத்தொன்பதாயிரத்து எழுநூறு. பயிற்சிக்கும் பஸ்ஸுக்கும் முப்பத்தோராயிரத்து எண்ணூற்றைம்பது. மூடியைத் திரும்பப் பொருத்த நான்கு போல்ட்டுக்கு அறுபது. ஐஸுக்குக் கடைக்காரர் பணம் வேண்டாம் என்றுதான் சொன்னார். பிறகு போய் இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மொத்தம் மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து முப்பது ரூபாய்.