பிணம் நின்ற இடம்

நான்கு வருஷத்தில் ஆறு முறை கொலை செய்யப்பட்டவன் நான். பெரும்பாலும் விஷம், ஒரு தடவை மட்டும் மாவு மூட்டை தலையில் விழுந்தது. ஐம்பதுகளில், மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழுவில் நான்தான் நிரந்தரப் பிணம். இருமாமல், கண் திறக்காமல் முக்கால் மணி நேரம் கிடக்க என்னை விட்டால் ஆளில்லை என்பார்கள். எனக்கு நடிப்பு வராது என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள்.

முதலில் புராண நாடகங்கள்தான் போட்டோம். முடிவு தெரிந்த கதை என்று ஜனங்கள் பாதியிலேயே எழுந்து லயத்து வீடுகளுக்குப் போய் உலை வைத்தார்கள். ஆபீஸ் கிளார்க் துப்பறியும் கதைகளில் பைத்தியம். அவர் கொலையும் சிரிப்பும் கலந்து எழுதித் தர ஆரம்பித்ததும் ஒருவரும் எழுந்து போகவில்லை. கொலைகாரன் யார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. சில சமயம் கிளார்க்குக்கே தெரியாது.

துப்பறியும் இன்ஸ்பெக்டர் எப்போதும் டீமேக்கர் ஐயாதான். ஃபாக்டரியில் இலை வந்து தூளாகிப் பெட்டிக்குள் போகும்வரை அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்கு வசனம் மனப்பாடம் ஆகாது. அதைச் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் கிடையாது.

ஃபாக்டரியில் தப்பு நடந்தால் அவர் விசாரிக்கும் முறை ஒன்று உண்டு. கத்த மாட்டார். அந்த ஷிஃப்ட் ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவன் முன்னாலும் வந்து, "நீ எங்க நின்ன?" என்று மட்டும் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் அடுத்த ஆளிடம் போவார். எந்த ஆளிடம் நின்றுவிடுகிறாரோ அவன் தொலைந்தான்.

அந்த வருஷம் நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு டிரையரில் ஒரு ஈடு தேயிலை கரிந்துபோயிற்று. டிரையரின் சூட்டைப் பார்ப்பது என் வேலை. சூடு ஏறினால் கீழே குரல் கொடுக்க வேண்டும். அடுப்பில் விறகு தள்ளும் என் சிநேகிதன் குறைப்பான். அவனுக்கு அங்கிருந்து சூட்டுமானி தெரியாது. அன்று நான் குரல் கொடுக்கவில்லை. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் சாவதற்குப் பழகிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சாக வேண்டும் என்று கிளார்க் சொல்லியிருந்தார்.

வரிசையாக நின்றோம். சிநேகிதன் எனக்கு முன்னால் நின்றான். "நீ எங்க நின்ன?" என்றார் டீமேக்கர். "அடுப்புகிட்டதான் ஐயா" என்றான். அவர் அதோடு நின்றுவிட்டார். அடுப்பை அதிகமாக எரித்தான் என்று வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டியாயிற்று. அடுத்த திங்கட்கிழமை லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

நான் எங்கே இருந்தேன் என்பது அவனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்ததற்குப் பேர் நட்பு. நான் பேசாமல் இருந்ததற்குப் பேர் என்னவென்று அந்த வாரம் முழுக்க எனக்குத் தெரிந்தே இருந்தது. சோறு இறங்கவில்லை. கிளார்க் மட்டும், பிணத்துக்கு முகம் நன்றாகக் களையிழந்து வருகிறது என்று சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாடகம். மறுநாள் ஊரைவிட்டுப் போகிறவனை விலக்க யாருக்கும் மனசு வரவில்லை. சமையல்காரன் வேஷம் அவனுக்கே இருந்தது. நான் நாற்காலியிலிருந்து சரிந்தேன். நல்ல கைதட்டல். இன்ஸ்பெக்டர் வந்தார், தொப்பியைக் கழற்றினார், வசனத்தை மறந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து கிளார்க் எடுத்துக் கொடுத்தது அவர் காதில் ஏறவில்லை. எதிரே பார்த்தார். சந்தேகத்துக்குரிய நான்கு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த வேலை அது. முதல் ஆளிடம் போனார்.

"நீ எங்க நின்ன?"

அவன் பணக்கார மருமகன் வேஷம். "ரோலர்கிட்ட ஐயா" என்றான். ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்தது டாக்டர். "மேல, இலை காயப்போடுத எடத்துல ஐயா." விதவை அத்தை, மீசைமேல் முக்காட்டை இழுத்துக்கொண்டு, தூள் சலிக்கும் இடத்தில் நின்றதாகச் சொன்னாள். சிரிப்பு தகரக் கூரையில் முட்டியது. என் சிநேகிதன், "அடுப்புகிட்டதான் ஐயா" என்றான். சமையல்காரனுக்கு அது பொருத்தமான பதில் என்பதால் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள்.

இந்தத் தடவை டீமேக்கர் அவனிடம் நிற்கவில்லை. வரிசையில் அடுத்தது நான், தரையில் கிடந்தேன். பூட்ஸ் என் காதருகே வந்தது.

"நீ எங்க நின்ன?"

"விறகுக் கொட்டகைக்குப் பின்னால ஐயா" என்றேன்.

பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னதா, நானேதான் சொன்னேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நானேதான் என்று நம்ப ஆசை. பிணம் பேசியதில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடையில் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. டீமேக்கர் என்னையும் சிநேகிதனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அந்த நாடகத்தில் அவருக்கு நினைவிருந்த ஒரே வசனத்தைச் சொன்னார்: "கான்ஸ்டபிள், குற்றவாளியைப் பிடியும்." கான்ஸ்டபிள் குழம்பிப்போய்ப் பிணத்தைக் கைது செய்தான். கிளார்க் எழுதியதிலேயே சிறந்த முடிவு அதுதான் என்று லயமெல்லாம் பேச்சு. கிளார்க்கும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் டீமேக்கர் என்னைக் கூப்பிட்டார். "நேத்துச் சொன்னது நாடகமா?"

"இல்ல ஐயா."

அவன் பேரைத் திரும்ப எழுதி, என் பேரை வெட்டினார். எனக்கு அழுகை வந்தது. ஒரு வாரமாக இல்லாத பசியும் வந்தது.

போடிமெட்டு வழியாக இறங்கும் லாரிக்கு டிரங்குப் பெட்டியோடு காத்திருந்தேன். பெட்டியைச் சுமந்து வந்த சிநேகிதன், "ஒரு வாரம் பிந்திட்டியே மாப்ள" என்றான். அவன் மனைவி பின்னால் மெதுவாக நடந்து வந்து, வாழையிலையில் கட்டிய இரண்டு புளிச்சோற்றுப் பொட்டலங்களை என் கையில் வைத்தாள்.

"வழிக்குன்னு நேத்தே கெளறி வச்சது, அண்ணே. நாங்கதான் போகலையே. நீங்க கொண்டு போங்க."

இரண்டு பேருக்கான சோறு. போடிமெட்டு இறக்கத்தில், ஒரு பருக்கை விடாமல், நான் ஒருவனே தின்றேன்.