சத்தத்தைக் கூட்டியவள்

கஃப்ர் நஹ்லா கிராமத்தில் கல்யாணமோ சாவோ, நாற்காலியும் பந்தலும் ஒலிபெருக்கியும் தஹானி வீட்டிலிருந்துதான் போகும். புருஷன் போன பிறகு பதினோரு வருஷமாக அவளே ஒண்டியாக நடத்தும் தொழில். மைக் கீச்சிட்டால் எந்தத் திருகைத் தொட வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும்.

நாற்று நடும் சமயம், வயலில் இறைப்பு எஞ்சினைத் திருட வந்தவர்கள் ஒரு விவசாயியை மண்டையில் அடித்துக் கொன்றுபோட்டார்கள். துக்கப் பந்தலில் குர்ஆன் ஓதி முடிந்ததும் அரிசி ஆலை முதலாளி ஹாஜி பத்ராவி மைக்கை வாங்கினார். கவுன்சில் தேர்தலுக்கு நிற்கிறவர்.

"திருட்டு எஞ்சின் எங்க போகுதுன்னு தெரியாதா உங்களுக்கு? பக்கத்து ஊர் ஆஷூர் பட்டறையிலதான் பிரிச்சு விக்கிறான். அழுதுட்டு வீட்டுல போய்ப் படுத்துக்கோங்க. இல்ல, ஆம்பளைங்கதான்னா கேளுங்க, பொந்துல நெருப்பு வெச்சாத்தான் பாம்பு வெளிய வரும்!" என்றவர், தஹானி பக்கம் திரும்பினார். "சத்தத்தைக் கூட்டும்மா, பின்னால இருக்கிறவனுக்குக் கேக்கல."

அவள் கூட்டினாள். அவர் அதையே மறுபடியும் சொன்னார்.

இருநூறு பேர் மண்ணெண்ணெயோடு கிளம்பினார்கள். முன்னால் போனவர்களில் ஒருவன் அவள் தம்பி ஷஹாத்தா. பட்டறையில் ஆஷூர் இல்லை. பின்கட்டில் படுத்திருந்த, கால் விளங்காத அவன் அப்பாதான் இருந்தார். வைத்த தீயில் அவர் எரிந்து போனார்.

அடுத்த வாரமே விவசாயியைக் கொன்றவர்கள் வேறு மாவட்டத்தில் பிடிபட்டார்கள். ஆஷூர் ஒரு திருட்டு எஞ்சினைக்கூடத் தொட்டதில்லை.

பட்டறையைக் கொளுத்தியதற்காகப் பதின்மூன்று பேரைக் கைது செய்தார்கள், ஷஹாத்தாவும் அதில் ஒருவன். தூண்டிவிட்டதாகப் பத்ராவி மேலும் வழக்குப் பதிவானது. "தூண்டுனவனுக்கும் செஞ்சவனுக்கும் சட்டத்துல ஒரே தண்டனைதான், ஆனா அவர் சொன்னதைக் கேட்டேன்னு யாராவது வந்து சொல்லணுமே" என்றார் ஆஷூரின் வக்கீல். ஒருவனுக்குக் காது மந்தம். ஒருவன் அப்போதுதான் ஒண்ணுக்குப் போயிருந்தான். இருநூறு பேர் காதில் விழுந்தது யார் காதிலும் விழவில்லை.

தஹானி மட்டும் கோர்ட்டில் சாட்சியாகப் போய் நின்றாள். ஆஷூருக்காகவா, தம்பிக்காகவா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஏவிவிட்டவன் வெளியே திரிய, ஏவப்பட்டவன் உள்ளே கிடப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பத்ராவியின் வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார். "ஆஷூர் பட்டறையைக் கொளுத்துங்கன்னு அவர் சொன்னாரா?"

"பொந்துல நெருப்பு வெக்கணும்னு..."

"அது பழமொழி. எங்க பாட்டிகூடச் சொல்லும். கொளுத்துங்கன்னு சொன்னாரா?"

"அந்த வார்த்தை சொல்லலை."

"சத்தத்தைக் கூட்டினது யாரு?"

கம்பிக் கூண்டுக்குள்ளிருந்த பதின்மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். "நான்தான்" என்றாள்.

பத்ராவிக்கு விடுதலை. கூண்டிலிருந்தவர்களுக்கு ஆளுக்குப் பத்து வருஷம். தேர்தலில் அவர் ஜெயித்தார். வெற்றி விழாவுக்கு ஒலிபெருக்கி வெளியூரிலிருந்து வந்தது. அதன்பின் ஊரில் ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கக்கூட யாரும் அவளைக் கூப்பிடவில்லை. "ஹாஜியையே கூண்டுல ஏத்தப் பார்த்தவ" என்று ரொட்டிக்கடை வரிசையில் அவள் காதுபடவே பேசினார்கள். அன்று துக்கப் பந்தலில் ஹாஜியின் பேச்சுக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர்கள்தான்.

சிறைக்கு ஷஹாத்தாவைப் பார்க்கப் போனாள். அரிசி அடைத்த குடமிளகாய் அவனுக்குப் பிடிக்கும் என்று செய்து எடுத்துப் போயிருந்தாள்.

"எதுக்குக்கா வாயைத் திறந்த?" என்றான் அவன். "எம் புள்ளைங்களுக்கு மாசாமாசம் ஹாஜி அரிசி அனுப்பிட்டிருந்தாரு. நீ சாட்சி சொன்ன அன்னியோட நின்னுபோச்சு."

"அந்த ஆளாலதாண்டா நீ இங்க கிடக்குற!"

"தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? புள்ளைங்க திங்க வேணாமா?"

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டான். நேரம் முடிந்தது என்று காவலர் கம்பியைத் தட்டும்வரை அக்காவின் முகத்தை அவன் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.