மணலில் எடுத்த அளவு

மலைமேல் அணை வேலை நடந்த அந்த வருஷங்களில் கூடலூர் ரோட்டோரம் உட்கார்ந்தால் போதும், உலகமே மலையேறிப் போய்க்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வண்டி, அரிசி வண்டி, கோவேறு கழுதை, ஆள்கள், இன்னும் ஆள்கள். எல்லாரும் போகிறார்கள். நான் மட்டும் குத்தூசியும் மெழுகு நூலுமாக வேப்பமர நிழலில். உள்ளங்கால் அரிக்கும் எனக்கு. போகணும், போகணும் என்று.

செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பூட்சு தைத்த முதல் ஆள் நான். துரை ஒருவர் வீசியெறிந்த கிழிசல் பூட்சு, வாரில்லாமல் காலை அப்படியே நுழைக்கிற மாதிரி. அதைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்தேன். அது என்னை மேலே கொண்டுபோகும் என்று நம்பினேன்.

ஒரு நாள் அணை மேஸ்திரி ஒருவர் வந்து நின்றார். மேலே ஓயாத மழை, அட்டை கடித்துக் கால் புண்ணாகிறதாம்.

"பத்து நாள்ல பூட்சு வேணும். நல்லா அமைஞ்சா உன்னயவும் கேம்புக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கன நூறு காலு கெடக்கு."

எங்கள் வழக்கப்படி அளவெடுத்தேன். எங்கள் சாதிக் கை அவர் சாதிக் காலில் படக் கூடாது. ஈர மணலைப் பரப்பி வைப்போம், மிதித்துவிட்டுப் போவார்கள், தடத்தை ஓலை நறுக்கால் அளப்போம். செருப்புக்கு அது தாராளம்.

என் மனைவி தடத்தை எட்டிப் பார்த்தாள். "நடுவுல காலு மண்ணத் தொடவே இல்ல. அப்ப மேல எம்புட்டு ஒசரமோ. தொடாமத் தச்சா அது பூட்சா, பொட்டியா?"

"ஒனக்கென்ன தெரியும்" என்றேன்.

பூவரசங்கட்டையில் அவர் கால் மாதிரி ஒன்று செதுக்கினேன். அடிப்பாகம் மணல் சொன்ன அளவு. மேல்பாதத்துக்கு என் காலையே தடவித் தடவிப் பார்த்து வைத்துவிட்டேன். ஆவாரம்பட்டையில் பதமான தோலை நனைத்து அதன்மேல் இழுத்து, ஆணியடித்துக் காயவிட்டுத் தைத்தேன். கையில் பூட்சு, கண்ணெல்லாம் மலை.

பத்தாம் நாள் மேஸ்திரி காலை நுழைத்தார். விரல் போயிற்று. பாதிப் பாதம் போயிற்று. அதற்குமேல் போகவில்லை. இழுத்தார், உதைத்தார், வியர்த்தார்.

"ஏலே, எவன் காலுக்குத் தச்ச இத?"

"எங் காலுக்குத்தேன், சாமி." உண்மை தானாக வந்து விழுந்தது.

விடிந்தால் அவர் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான், மலை போச்சு. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே குனிந்து அவர் மேல்பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். சூடாக இருந்தது. கூன்விழுந்த முதுகு மாதிரி எலும்பு ஏறியிருந்தது, அட்டைக்கடித் தழும்புகளோடு. அவர் காலை இழுக்கவில்லை. ரோட்டில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"சுருக்கா அள."

பூட்சின் முன்பக்கத்தை நடுவில் கீறினேன். உள்ளே நாக்கு மாதிரி ஓர் ஆட்டுத்தோல் பட்டை வைத்து, இரு பக்கமும் துளையிட்டு வாரால் கோத்தேன். பொழுது சாயுமுன் அது அவர் காலில் ஏறியது. நடந்து பார்த்தார், குதித்துப் பார்த்தார், சிரிக்கக்கூடச் செய்தார்.

"காலைல கெளம்பி வந்துரு. ஒண்ணு மட்டும். அங்கன நாலு பேரு பாப்பாக. மண்ணுலதேன் அளக்கணும். இன்னைக்கி நடந்தத மறந்துரு."

"மண்ணுல அளந்தா இப்பிடித்தேன் வரும், சாமி. கால்ல கை வைக்காம இனிமே பூட்சு தைக்க மாட்டேன்."

என்னைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். ரோட்டில் ஏறிப் போனார், நல்ல நடை.

மனைவி வந்து "என்ன சொன்னாக?" என்றாள். சொன்னேன். "சரிதேன். பூட்சு மலைக்குப் போகுது, நீங்க இங்கன" என்று உள்ளே போய்விட்டாள்.

சரியாகத்தான் சொன்னேன். இப்போது நாற்பது வயசைத் தாண்டியும் அதை மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து மலையைப் பார்த்து உட்கார்ந்து தைக்க முடிவதில்லை. சாயங்கால வெளிச்சம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. இருந்தாலும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் நிழலுக்குள்ளேயே ஊசி குத்துகிறேன்.