ஊமைக்கட்டை

வங்காளத்துப் பாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு பியானோ இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. வீட்டுக்கார அம்மாளைத் தெருவே மாஷிமா, அதாவது சித்தி, என்று அழைத்தது; நாங்களும் அழைத்தோம். அவருடைய மாமனார் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன பெட்டி அது. மாஷிமா அதன் தலைமேல் குடும்பப் படங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமலிருக்க உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிடுவார். இடுக்குகள் வழியே வெளிச்சம் கசியும். எங்கள் வீட்டில் ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் முதுகில் அடி விழும். மேலே ஒரு பெட்டிக்கு இரவும் பகலும் விளக்கு. அது ஏதோ சாமி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கீழே எங்களுக்கு ஒரே அறை. அப்பா மார்க்கெட் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தார். அம்மா மாவு ஆட்டினாள். காலையில் மாஷிமாவுக்குத் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுபோவது அக்காவின் வேலை. அப்படிப் போனபோதுதான் அவள் பியானோவைத் தொட்டுப் பார்த்தாள். மாஷிமா தடுக்கவில்லை. அவருக்குக் காது மந்தம். வெகுநாள் வரை விஷயமே தெரிந்திருக்காது.

அம்மா விளக்கேற்றும்போது பாடும் பாட்டு ஒன்று உண்டு. அக்கா முதலில் அதை ஒரு விரலால் தேடினாள். லேசான காரியம் இல்லை. பல வருடமாக யாரும் சுருதி கூட்டாத பியானோ அது. ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையின் குரல் வரும். இன்னொன்று ஒரே நேரத்தில் இரண்டு குரலில் பேசும். வரிசைப்படி போனால் பாட்டு வராது. தாண்ட வேண்டியதைத் தாண்டி, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பித்தான் போக வேண்டும். மழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போது, மூடியில்லாத சாக்கடை எங்கே இருக்கிறது என்று தெருக்காரர்களின் காலுக்குத் தெரியும். அக்காவின் விரலுக்கு அந்தப் பியானோ அப்படித் தெரிந்தது.

இடது கோடியில் சில கட்டைகளுக்கு நாதமே கிடையாது. அழுத்தினால் மரத்தைத் தட்டியதுபோல 'டொக்' என்று மட்டும் கேட்கும். ஊமைக்கட்டைகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தோம். அக்கா அவற்றைத் தாளத்துக்கு வைத்துக்கொண்டாள். வலது கை பாடும், இடது கை டொக் டொக் என்று தாளம் போடும். பியானோவில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. நான் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் அக்கா ஒன்பதாம் வகுப்பில் தேறவில்லை. துர்க்கை பூஜை முடிந்ததும் அவளைக் கடையில் நிறுத்திவிடுவது என்று அப்பா தீர்மானித்திருந்தார். இதற்குள் அலிப்பூரிலிருந்து வந்துபோகும் மாஷிமாவின் மகள் அக்கா வாசிப்பதை ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறார். அவர் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர். துர்க்கையை ஆற்றில் கரைத்த பிறகு பெரியவர்களை வணங்கி இனிப்புத் தின்னும் நாட்கள் வரும். அப்போது தெருக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிடலாம், இந்தப் பெண் வாசிக்கட்டும், முழுசாகக் கேட்டுப் பிடித்திருந்தால் நானே பழக்குகிறேன் என்று சொல்லிப் போனார்.

அப்பா யோசித்தார். "நாலு பேரு முன்னால வாசிக்கட்டும். நல்லாருந்தா அந்தம்மாகிட்டப் போவட்டும். இல்லைன்னா மறுநாளே கடை. அப்புறம் மாடிப்படி ஏறப்பிடாது, ஆமா."

"மாவு தன்னால ஆட்டிக்கிடும் பாருங்க," என்றாள் அம்மா.

அந்த நாள் வந்தது. கடையில் கூட்டம் என்று அக்காவையும் அப்பா காலையிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மாடியில் இருந்தேன். மாஷிமா அக்காவுக்கு ஒரு மரியாதை செய்ய நினைத்து, பியானோவைச் சரிசெய்ய ஆள் வரவழைத்திருந்தார். வந்தவர் தோல் பையைத் திறந்தார். பெட்டியின் முன்பலகையைக் கழற்றினார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை கம்பிகள், தறியில் பாவு போட்டதுபோல. ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் கம்பளித் தலை வைத்த ஒரு குட்டிச் சுத்தியல்.

"மாஷிமா, இதுக்குள்ள கரப்பான்பூச்சி கூட்டுக்குடும்பமே நடத்தியிருக்கு!" என்று அவர் வங்காளியில் கத்தினார்.

"டீ போடட்டுமா?" என்றார் மாஷிமா.

ஒரு சாவியைக் கம்பியின் முளையில் மாட்டிக்கொண்டு அவர் கட்டையைத் தட்டினார். ஒரு கட்டைக்கு இரண்டு மூன்று கம்பிகள். அவை தங்களுக்குள் ஒத்துப்போகாமல் சத்தம் 'வவ் வவ்' என்று நடுங்கியது. சாவியை மயிரளவு அசைத்தார். நடுக்கம் மெதுவானது. இன்னும் கொஞ்சம். நடுக்கம் நின்று, ஒரே ஒரு சத்தம் கோடு கிழித்ததுபோல நேராகப் போயிற்று. காற்றில் இருக்கும் ஒன்றை ஒரு மனிதர் சாவியால் முடுக்கி நிறுத்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிறுத்தினார். ஊமைக்கட்டைகளின் சுத்தியல்களையும் கழற்றி, சுரண்டி, ஒட்டி, திரும்ப மாட்டினார்.

மாலையில் அக்கா கடையிலிருந்து ஓடி வந்து முகம் கழுவும்போது, மேலே ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். நான் குதித்துக்கொண்டு சொன்னேன்.

"பியானோவ ரிப்பேர் பண்ணிட்டாங்க!"

அக்காவின் கை அப்படியே நின்றது. "எதையெல்லாம் தொட்டாரு?"

"எல்லாத்தையும்தான்."

அவள் முகத்தைத் துடைக்காமலே மாடி ஏறினாள்.

முதல் வரியே கோணிக்கொண்டு வந்தது. தாண்டிப் பழகிய விரல் தாண்டியது. ஆனால் அங்கே பள்ளம் இல்லை. பாட்டு எங்கோ போய் விழுந்தது. இடது கை பழக்கத்தில் தாளம் தட்டிற்று. 'டோம்' என்று ஒரு முழக்கம் எழுந்து அலமாரிக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மாஷிமாவின் மாமனார் படம் குப்புற விழுந்தது.

"பூமிகம்ப!" என்று ஒரு பையன் கத்த, கூடம் சிரித்தது. அப்பா எழுந்து வாசலில் தன் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

அக்கா இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. குனிந்து, அதே ஊமைக்கட்டையை மறுபடியும் அழுத்தினாள். அழுத்தியபடியே பிடித்துக்கொண்டாள். அந்த முழக்கம் கூடத்தைச் சுற்றி வந்து, மெலிந்து, நூலாகித் தேய்ந்தது. தேயும் வரை கேட்டாள். திரும்ப அழுத்தினாள். மாஷிமா சட்டென்று நிமிர்ந்து, தமக்கே காது கேட்டுவிட்டதுபோல எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். கூடத்தில் சிரிப்பு அடங்கியது.

பிறகு அக்கா அந்த நாதத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு, வலது கையை வேறோர் இடத்துக்கு நகர்த்தினாள். அவள் ஒருநாளும் வாசித்திராத இடம். ஒரு கட்டை, சரி. அடுத்தது, இல்லை, அதற்குப் பக்கத்துக் கறுப்பு. இருட்டில் சுவரைத் தடவி நடப்பவள்போல முதல் வரியைக் கண்டெடுத்தாள். இரண்டாம் வரி கொஞ்சம் வேகமாக வந்தது. அம்மாவின் உதடு தன்னையறியாமல் அசைந்தது. மூன்றாம் வரியில் பாட்டு முழுசாக எழுந்து நின்றது. தினமும் மாவு நெடியோடு நாங்கள் கேட்ட பாட்டுத்தான். ஆனால் இவ்வளவு பெரியது என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முடிந்ததும் மாஷிமாவின் மகள், "இன்னொரு தடவை வாசி, ஷோனா," என்று மட்டும் சொன்னார். ஷோனா என்றால் தங்கம்.

படியிறங்கும்போது அப்பா எதையும் புகழவில்லை. "காலைல நீ கடைக்கு வர வேண்டாம்," என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை பலவிதமாகப் போயிற்று. பள்ளியை நான் அக்காவைவிடக் கீழ் வகுப்பிலேயே விட்டேன். சாந்த்ராகாச்சியில் ரயிலேறி எங்கெங்கோ வேலை பார்த்தேன். கடலோர ஓட்டல் ஒன்றில் படுக்கை விரித்த நாட்களில், கீழே கூடத்தில் தினம் யாராவது வந்து பியானோ வாசிப்பார்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர். யார் உட்கார்ந்தாலும் அது அவர்களுக்குப் பாடியது. துடைப்பத்தோடு நின்று அதைப் பார்த்தபோதுதான், விழாவுக்கு மறுநாள் காலை அக்கா இருந்த இருப்பு எனக்கு விளங்கிற்று.

அன்று அவளோடு நானும் மாடிக்குப் போனேன். அக்கா பியானோவின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாசிக்கலையா?"

"யாரோ மாதிரி இருக்குடி," என்றாள்.

அந்தக் கோணல் பெட்டியை வாசிக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான் என்பதோ, முதல்நாளோடு அது இல்லாமல் போய்விட்டது என்பதோ எனக்கு எட்டவில்லை. நேற்று ஜெயித்தவள் இன்றைக்கு ஏன் இப்படி இருக்கிறாள் என்று பார்த்தேன். பசியாக இருக்கும் என்று தோன்றியது. மாஷிமாவின் மேசையில் மிஞ்சியிருந்த தேங்காய் உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினேன். அக்கா அதை வாங்கித் தின்றாள். நான் நினைத்தது சரிதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.