தூசிக்குள் ஒரு பாதை

வடமதுரையில் மாவு மில் நடத்தும் சத்யபிரியா ஒரு காலத்தில் நட்சத்திரத் தூசியைப் பற்றி ஆராய்ந்தவள் என்பது கம்பும் கேழ்வரகும் அரைக்க வருகிறவர்கள் யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

போன தை மாதம் ஒரு நாள் காலையில் ஃபாயிஸா போன் செய்தாள். திண்டுக்கல் கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது இருவரும் ஒரே பெஞ்ச். ஃபாயிஸா மேலே படித்து இப்போது புனேயில் ஆராய்ச்சி செய்கிறாள். சத்யபிரியாவுக்குப் பரீட்சை முடிந்த மாதமே கல்யாணம்.

"திண்டுக்கல்லுல இறங்கிட்டேன்டி. நேரா உன் வீட்டுக்குத்தான் வாரேன்."

வீட்டு முன்கட்டிலிருந்த மில்லுக்கே வந்தவள் காப்பியைக்கூடத் தொடாமல் லேப்டாப்பைத் திறந்தாள். நடுவில் ஓர் இளம் நட்சத்திரம். அதைச் சுற்றித் தட்டு மாதிரி விரிந்த தூசி. தூசிக்குள் வட்டமாக ஒரு கறுப்புப் பாதை. அந்தப் பாதையில் ஒரு வெள்ளைப் புள்ளி.

சத்யபிரியா மோட்டாரை நிறுத்தினாள்.

"நம்ம நட்சத்திரமாடி?"

"அதேதான். புள்ளி போன வருசம்தான் தெரிஞ்சது."

இருபது வருஷத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து செய்த புராஜெக்ட் அது. தூசியும் வாயுவும் கலந்த மேகம் குளிர்ந்து, தன் பாரத்தில் சுருங்கி நட்சத்திரமாகும். மிச்சத் தூசி அதைச் சுற்றும். துகளோடு துகள் ஒட்டிக் கல்லாகும், கல் சேர்ந்து கிரகமாகும். வளர்ந்த கிரகம் தான் போகும் வழியிலுள்ள தூசியை விலக்கிவிடும். அவர்கள் போட்ட கணக்கில் தூசி ஓரிடத்தில் குறைந்தது. 'இங்கே ஒரு கிரகம் ஓடுகிறது' என்று எழுதினாள் சத்யபிரியா. புராஜெக்டைத் திருத்திய ஞானராஜ் சார் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அன்று கேன்டீனில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை!

"அப்ப அந்தப் புள்ளிதான் நம்ம கிரகம்! சார்கிட்ட காட்டுனியா?"

"சார் தவறிப்போயி நாலு வருசமாச்சே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மாவு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷக் கோபம் போன இடம் தெரியவில்லை. சட்டையெல்லாம் சாக்பீஸ் பொடியோடு, சாகிற நட்சத்திரம் ஊதித் தள்ளும் தூசியில்தான் அடுத்த நட்சத்திரம் பிறக்கிறது என்று கை இரண்டையும் விரித்துக் காட்டுவாரே, அந்த சார்தான் கண்முன் நின்றார்.

"அவர் அடிச்சதும் நியாயந்தான். அன்னைக்கு நம்மகிட்ட ஆதாரம் ஏது?" என்றாள் ஃபாயிஸா.

"அது எனக்கும் தெரியும்டி. அழுகை வந்துச்சே, என்ன செய்ய?"

அதற்குள் கம்பு அரைக்க வந்த ஒச்சாயி திரையை எட்டிப் பார்த்தாள். "என்னத்தா இது, ஓட்டை விழுந்த தோசையாட்டம்?"

தோழிகள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கிளம்பும்போது ஃபாயிஸா கட்டுரையின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். நன்றி சொன்ன இடத்தில் முதல் பெயர், ம. சத்யபிரியா.

'ம.' அவளுடைய அப்பாவின் இனிஷியல். ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் எல்லாவற்றிலும் கல்யாணத்துக்குப் பிறகு மாறிப்போனது. ஃபாயிஸாவின் பஸ் வரும்வரை சத்யபிரியா அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.