மெக்னட் கவருக்குள் ஒரு சந்தனப் பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருடமாக யோசித்தேன். கொப்பி வாங்குவேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். சுழி மட்டும் போட்ட கொப்பிகள் வீட்டில் மூன்று கிடக்கின்றன. நான் பத்தாம் வகுப்போடு ஸ்பானரைத் தூக்கியவன், எழுத்து வராது என்பது ஒரு காரணம். இதில் வருகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், சந்தையில் கண்டால் என்னோடு சிரிக்கவும் செய்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மோட்டார் சைக்கிள் ரேஸில் ஏறாவூர் டீமின் எஞ்சினுக்குள் விநாயகப் பெருமான் சந்தனப் பொட்டாகத் தோன்றிக் கள்ளரைக் காட்டிக் கொடுத்தாராம். பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்குமாம். எனக்கு அதை அனுப்பியது என் மனைவியின் தங்கை. நான் தினமும் விளக்கு வைத்துக் கும்பிடாமல் தேத்தண்ணி குடிக்காதவன். பெருமானின் அற்புதங்களில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இந்த அற்புதத்தைச் செய்தவன் நான். வலது கை மோதிர விரலால் செய்தேன். அதுவும் களவாக.

1. நேர்மையான ரேஸ்

அறுவடை முடிந்து வட்டை என்கிற வயல்வெளி காய்ந்ததும், வவுணதீவுப் பக்கம் வாவிக்கரையோரமாக வருடம் ஒரு ரேஸ் வைப்பார்கள். வரம்புகளைத் தட்டிச் சமப்படுத்தி, நெல் விளைந்த நிலத்தில் வட்டமாக ஓடுபாதை வெட்டுவார்கள். பல டீம்கள் வரும். ஆனால் கப் என்னவோ எங்களுக்கும் ஏறாவூர் டீமுக்கும் இடையில்தான். கொம்புமுறி விழாவுக்கு வடசேரி, தென்சேரி என்று ஊரையே இரண்டாகப் பிரித்து ஒருவரையொருவர் பாட்டில் திட்டிப் பழகியவர்கள் நாங்கள். ரேஸ் வந்ததும் பாட்டை விட்டுவிட்டோம், திட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சட்டம் எளிமையானது. 125 எஞ்சின். சிலிண்டர் கம்பெனி சைஸில் இருக்க வேண்டும், போர் பண்ணி, அதாவது உள்ளே கடைந்து, பெரிதாக்கக் கூடாது. ரேஸுக்கு முதல் நாள் காலையில் கமிட்டி வந்து ஹெட் நட்டுகளில் மஞ்சள் பெயின்ட் வைக்கும். அதுதான் சீல். அதற்குப் பிறகு எஞ்சினில் எந்த மூடியைத் திறந்தாலும் டீம் வெளியே. உள்ளே என்ன இருக்கிறது என்று கமிட்டி பார்ப்பதில்லை. களவு என்று யாராவது புரட்டெஸ்ட் பண்ணினால் மட்டும், ரேஸ் முடிந்த பிறகு, டவுனிலிருந்து வரும் லேத் பட்டறைக்காரர் ஒருவர் வென்றவரின் எஞ்சினைத் திறக்கச் சொல்லி அளப்பார்.

எங்கள் டீமின் சொந்தக்காரர் தவராசா முதலாளி. அரிசி மில் வைத்திருந்தார், பக்கத்தில் கராஜும் வைத்திருந்தார். கராஜில் நான் தலைமை மெக்கானிக். எங்கள் சிலிண்டர் இரண்டு சைஸ் பெரிதாகப் போர் பண்ணப்பட்டிருந்தது. பண்ணியவன் நான். அதை நான் பாவம் என்று நினைக்கவில்லை. டியூனிங் என்று ஒரு சொல் இருக்கிறது, அதைப் போட்டு எதையும் மூடலாம்.

இப்படிக் களவு செய்தும் இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றோம். முதலாளிக்கு அதுதான் தாங்கவில்லை.

“யோகன், நல்லா யோசி மனே. நாம இவ்வளவு களவு செஞ்சும் அவன் வெல்றான் எண்டா, அவன் எவ்வளவு பெரிய கள்ளனா இருக்கணும்?”

அவன் நேர்மையாக வெல்கிறான் என்ற சாத்தியம் எங்கள் கராஜில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே வேவு பார்த்தோம். வாடிக்கையாளர் வேஷத்தில் ஒரு ஆளை ஏறாவூருக்கு அனுப்பி ஸ்ப்ரொக்கெட் பல் எண்ணினோம். அவர்களுடைய ஸ்டார்ட்டை போனில் பிடித்து, முதலாளி சோறு தின்னும்போதுகூட அதைப் போட்டுச் சத்தம் கேட்டார். எங்கள் கராஜ் வாசலில் கச்சான் கடலை விற்ற மனுசன் ஏறாவூரின் உளவாளி என்று துரத்தினார். அந்த மனுசனுக்கு பைக்கில் ஏறவே பயம்.

2. ஜும்மாவுக்குப் போன காக்கா

ரேஸ் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையே ஏறாவூர் டீமின் மெக்கானிக் ஜுனைதீன் காக்கா பைக்கோடு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த முஸ்லிம் ஆட்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் களஞ்சியம். அதில் எங்களுக்கு ஒரு அறை, அவர்களுக்கு ஒரு அறை. கமிட்டி வந்து இரண்டு எஞ்சினுக்கும் மஞ்சள் பெயின்ட் வைத்துவிட்டுப் போனது.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் காக்கா கை கால் கழுவி, தொழுகைத் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, ஜும்மாவுக்கு டவுனுக்குப் போயிட்டு வாறன். அறையப் பூட்டியிருக்கன். ஆனா இஞ்ச ஆடு மாடு, சனம் எல்லாம் திரியுது. பூட்டுத் திறப்ப நீ வைச்சிரு. ஒண்டு நடந்தா துறந்து பைக்க வெளிய எடு.”

“காக்கா, நான் மற்ற டீம் ஆள்.”

“அது நாளைக்கு. இண்டைக்கு நீ யோகன்தானே?”

திறப்பு என் கையில். அவர் வாவிப் பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டார், முதலாளிக்கு போன் எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“கடவுளே குடுத்த திறப்பு மனே!” என்றார் முதலாளி. “துறந்து பார். காஸ்கெட், பெயின்ட் எல்லாம் கராஜில இருந்து அனுப்புறன்.”

கடவுளின் பெயரை எங்கே சேர்க்க வேண்டும் என்பதில் முதலாளி எப்போதும் கெட்டிக்காரர்.

டைமிங் மார்க் பார்க்க முதலில் எஞ்சினின் பக்கத்து மூடியான மெக்னட் கவரைக் கழற்றினேன். பிறகு ஹெட்டைத் தூக்கி, வேர்னியர் அளவுகோலை வைத்து சிலிண்டரை அளந்தேன். கம்பெனி சைஸ். மறுபடியும் அளந்தேன். கம்பெனி சைஸ். வேர்னியரைத் துடைத்துவிட்டு அளந்தேன். அதற்கும் சிலிண்டர் பெரிதாகவில்லை.

உள்ளே இருந்த இரகசியங்கள் இவை: வால்வுகள் தேய்த்து ஒழுங்காக உட்கார வைக்கப்பட்டிருந்தன. கார்பன் துளியும் இல்லை. டைமிங் மயிரிழை பிசகவில்லை. ஒவ்வொரு நட்டும் ஒரே இறுக்கம். வேலையை முறையாகச் செய்வது என்ற இந்தத் தந்திரத்தை எங்கள் கராஜ் அதுவரை பயன்படுத்திப் பார்க்கவில்லை.

பிறகு மூடினேன். எண்ணெய் ஒழுகாமல் இருக்கப் புதுக் காஸ்கெட் போட்டேன். திருடப் புகுந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிற கள்ளனை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவன் நான்தான். நட்டுகளுக்கு அதே மஞ்சள் பெயின்ட், அதே அளவு, அதே பக்கம். ஒரு தடயமும் இல்லை. காக்கா திரும்பி வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

“ஒண்டும் நடக்கல்லயே தம்பி?”

“ஒண்டும் நடக்கல்ல காக்கா.”

டவுனிலிருந்து எனக்கும் ஒரு பாண் ரோல் வாங்கி வந்திருந்தார். வாங்கித் தின்றேன்.

3. புரட்டெஸ்ட்

பின்னேரம் முதலாளியிடம் சொன்னேன். “அதுக்குள்ள ஒண்டுமில்ல முதலாளி. சுத்தமான எஞ்சின்.”

“அப்ப நல்லா ஒளிச்சிருக்கான்.”

“சிலிண்டருக்குள்ள எங்க ஒளிக்கிற?”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாண் ரோல் திண்டியாமே?”

அவருக்கு எல்லா இடத்திலும் ஆள் இருந்தது. சொந்த மெக்கானிக்குப் பின்னாலும் ஒரு ஆள்.

சனிக்கிழமை ஏறாவூர் வென்றது, நாங்கள் இரண்டாவது. கொடி விழுந்து புழுதி அடங்குமுன் முதலாளி கமிட்டி மேசைக்குப் போய் புரட்டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். எஞ்சின் பெரிது என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சின்னது என்றதால்தான் நம்பவில்லை.

கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். கணக்குப் படிப்பித்தவர், கண் கூர்மை. சனம் சுற்றி நிற்க, லேத்காரர் பக்கத்தில் நிற்க, ஜுனைதீன் காக்காவே தன் எஞ்சினைத் திறந்தார். மெக்னட் கவரைக் கழற்றித் திருப்பினார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

“அது என்ன?” என்றார் தலைவர்.

கவரின் உள்பக்கம், எண்ணெய் படாத மூலையில், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு.

அது என் பொட்டு. இருபத்திமூன்று வருடமாக நான் பூட்டுகிற ஒவ்வொரு எஞ்சினுக்கும் மெக்னட் கவரை மூடுமுன் உள்ளே ஒரு பொட்டு வைப்பேன். ‘பிள்ளையாரப்பா, இனி உன்ட பொறுப்பு’ என்று மனதுக்குள் சொல்வேன். சந்தனச் சிமிழ் என் டூல் பெட்டியிலேயே கிடக்கும். வெள்ளிக்கிழமையும் வைத்திருக்கிறேன். கை தன்பாட்டில் செய்துவிட்டது. வைத்த ஞாபகமே எனக்கு இல்லை. ஊரில் மற்ற மெக்கானிக்குகளுக்கு இந்தப் பழக்கம் தெரியும், ஆனால் தொழிலாளியைத் தொழிலாளி காட்டிக் கொடுப்பதில்லை. கையில் கிறீஸ் படாத முதலாளிக்குத் தெரியாது.

ஆகவே முதலாளிதான் முதலில் கத்தினார். “பாத்தீங்களா! ஜுனைதீன் பொட்டு வைப்பாரா? இது வேற ஆள் செஞ்ச எஞ்சின்! நம்மட பக்கத்தில ஆரோ ஒரு துரோகி மெக்கானிக் அவங்களுக்கு வேலை செய்றான்! சீல் வைச்ச மறுகா எஞ்சினத் துறந்திருக்காங்க!”

தலைவர் காக்காவிடம் திரும்பினார். “இது பழைய பொட்டோ, புதிசோ?”

பழசு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கப் அவர்களுக்கு. காக்கா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

“அல்லாஹ் மேல சத்தியமா, நான் வெச்சதில்ல. சீல் வைக்கக் கொஞ்சம் முன்னம் நான் கவர மூடக்குள்ள இது இல்ல.”

“அப்ப சீல் வைச்ச மறுகா ஆரோ துறந்திருக்காங்க. திறப்பு ஆரிட்ட இருந்தது?”

காக்கா என்னைப் பார்க்கவில்லை. “திறப்புக்கு நான்தான் பொறுப்பு.”

அந்த வாக்கியத்தோடு அவருடைய டீம் வெளியே. நாற்பது வருடம் கள்ளம் கலக்காமல் வேலை செய்த மனுசன் ஆயிரம் பேர் நடுவில் கள்ளனாக நின்றார். சனம் கூவியது. எங்கள் பக்கம்தான் கூடுதலாகக் கூவியது. இரண்டு சைஸ் போர் பண்ணின எஞ்சினின் பக்கத்தில் நின்றுகொண்டு கூவினோம்.

4. பெரிய கற்பூரம்

லேத்காரர் அளந்துவிட்டு, “சிலிண்டர் கம்பெனி சைஸ் ஐயா” என்றார். தலைவருக்குக் கணக்கு இடித்தது. சுத்தமான எஞ்சினை யார், எதற்குத் திறப்பார்?

“பொட்டு வைக்கிறது எங்கட ஆக்கள்ட வழக்கம்,” என்றார். “அதால எங்கட பக்கத்து மெக்கானிக்மார் நாலு பேரும் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வாங்க. கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

முதலாளி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் வந்து, சிரித்த முகத்தோடு, பல்லுக்குள்ளால் பேசினார்.

“அட பாவி, களவெடுக்கப் போன இடத்திலயும் பூசையா?”

“கை பழகிட்டு முதலாளி.”

“சரி, கிடக்கட்டும். போய் அணைச்சிட்டு வா. பிள்ளையாருக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?”

இருபத்திமூன்று வருடமாக எஞ்சின்களை நான் யாருடைய பொறுப்பில் விட்டு வந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

மற்ற மூன்று பேரும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். எனக்குப் புதுக் கட்டி வைத்தார் தலைவர். கையைத் தூக்கினேன். கை இறங்கவில்லை. அதே கை. பொட்டு வைக்க என்னைக் கேட்காமல் போன கை, பொய் சொல்ல மட்டும் போக மாட்டேன் என்று நின்றது.

“நான்தான் ஐயா துறந்தது. காக்கா என்னை நம்பித் திறப்பத் தந்தவர். தொழுகைக்குப் போன நேரம் பாத்துத் துறந்தனான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் பாதியைச் சொல்லிவிட்டுத் திரும்ப எனக்குப் பயமாக இருந்தது. ஸ்ப்ரொக்கெட் பல் எண்ணியதைச் சொன்னேன். கச்சான்காரரைத் துரத்தியதைச் சொன்னேன். பாண் ரோல் தின்றதைச் சொன்னேன். கடைசியாக எங்கள் சிலிண்டர் இரண்டு சைஸ் பெரிது என்பதையும் சொன்னேன். தலைவர் கொஞ்சம் சின்னக் கட்டியாக வைத்திருந்தால் எங்கள் டீம் தப்பியிருக்கும்.

கப் ஏறாவூருக்குப் போனது. எங்கள் டீமுக்கு ஐந்து வருடம் தடை. முதலாளி கையை நீட்டினார். “கராஜ் திறப்ப வைச்சிட்டுப் போ” என்றார், அவ்வளவுதான். திறப்பு விஷயத்தில் அவர் காக்காவைவிட விபரமானவர்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த மனுசனிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?” என்றாள். கேட்கவில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டியவன், கேட்க வேண்டிய ஆளிடம் ஒன்றும் கேட்காமல் வந்திருக்கிறேன். அதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

5. ஒழுகாத வேலை

ஏறாவூரில் காக்காவின் கராஜுக்குப் போனபோது அதே எஞ்சின் மேசையில் கிடந்தது. மெக்னட் கவர் கழற்றி வைத்திருந்தது. பொட்டு அப்படியே இருந்தது.

“காக்கா, என்ன மன்னிக்கணும்.”

“வா தம்பி, இரி. மன்னிச்சுத்தானே பேசாம நிண்டன்.”

“எனக்குத்தான் திறப்புத் தந்தது எண்டு ஏன் சொல்லல்ல?”

“நான் சொன்னா நீ இல்லையெண்டிருப்பாய். மறுகா அந்த இடத்தில ரெண்டு கள்ளன். நீயாச் சொன்னபடியா ஒருத்தன்தான்.”

“இத ஏன் இன்னும் துடைக்கல்ல?”

காக்கா காஸ்கெட் விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். “நீ போட்ட காஸ்கெட்டத்தான் திரும்பப் போட்டன், ஒரு சொட்டு ஒழுகல்ல. ஒழுகாத வேலைய நான் கலைக்கிறல்ல.” பிறகு சிரித்தார். “அதோட, இப்ப ஒருத்தரும் இந்த எஞ்சினத் துறக்கிறாங்க இல்ல. பொட்டுக்குப் பயம்.”

இன்று நான் வீட்டு முற்றத்தில் பைக் திருத்துகிறேன். போர் பண்ணுவதில்லை. பொட்டு வைக்கிறேன், இப்போது தெரிந்தே வைக்கிறேன். தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: உங்கள் கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் அது கடைசியில் செய்யும். ஆகவே எதற்குப் பழக்குகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். பதினொரு பேர் என்று கணக்கு இல்லை, ஒருவருக்குச் சொன்னாலும் போதும். ஆனால் சொல்லும்போது பெருமானைப் பொட்டாக இறக்க வேண்டாம், என்னை நல்லவனாக ஏற்றவும் வேண்டாம், தவராசா முதலாளியை இதைவிடப் பெரிய கள்ளனாக்கவும் வேண்டாம். என் சிலிண்டரைத்தான் நான் போர் பண்ணிப் பெரிதாக்கினேன். இந்தக் கதையாவது கம்பெனி சைஸிலேயே இருக்கட்டும்.