தோசைத் திருப்பியும் சுண்ணாம்பும்

ஓட்டை அடைக்கிறதெல்லாம் ஒரு தொழிலான்னு கேக்கறவங்க, ஏற்காட்டுல ஒரு மழைக்காலம் கூடக் குடியிருந்திருக்க மாட்டாங்க.

உங்க ஊட்டுலயும் காலண்டருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும். வெக்கப்படாதீங்க, அது இல்லாத ஊடே இந்த மலையில நான் பார்த்ததில்லை. மழையும் மூடுபனியும் பூச்சை ஊற வெச்சுரும். ஒரு ஆணி அடிச்சாப் போதும், உள்ளங்கை அகலத்துக்குப் பேந்துக்கிட்டு வரும். இதுக்குன்னு கொத்தனாரைக் கூப்பிட்டா, "செவுரு பூராவும் பூசறதுன்னா சொல்லுங்க"ன்னுட்டுப் போயிருவாரு.

எண்பதுகள்ல நான் சித்தாளுங்க. பன்னெண்டு வருசம் கலவை கொழச்சுச் சுமந்தவளுக்குப் பூசத் தெரியாதா? ஆனா எங்க பெரிய கொத்தனார் பூசற கரணையைத் தொடவே வுடமாட்டாரு. "பொம்பளை பூசுனா செவுத்துல தங்காது எஸ்தரு"ன்னு அத்தனை ஆளுங்க முன்னாடியும் சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பூசிக் காட்டாம வுடறதில்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

காலண்டர் செவுரு

முதல் வேலை ஒண்டிக்கடைப் பக்கம், ஒரு டீச்சரம்மா ஊட்டுல. வருசா வருசம் புதுக் காலண்டர், புது ஆணி, புது ஓட்டை. எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து சோத்துத் தட்டு அகலத்துக்கு ஆயிப் போச்சு. அதுக்கு மேல மறைக்கற அளவுக்கு எந்தக் கடைக்காரரு காலண்டர் கொடுக்கறாரு?

கரணைக்கு நான் எங்க போவேன்? ஊட்டுலிருந்த தோசைத் திருப்பியை எடுத்துட்டுப் போனேன். சின்ன ஓட்டைக்கு அதை வுட நல்ல ஆயுதம் இல்லைங்க, சத்தியமா. உதிர்றதையெல்லாம் சுரண்டித் தள்ளி, தண்ணி தெளிச்சு, சுண்ணாம்பும் சலிச்ச மணலும் கடுக்காய்த் தண்ணி வுட்டுக் கொழச்சு அடைச்சேன். பழைய சுண்ணாம்புச் செவுத்துல சிமெண்டை அப்புனா பனிக்காலத்துல பொக்குன்னு கழண்டுக்கும். இது கழலாது. டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தடவித் தடவிப் பார்த்தாங்க. அப்புறம் என் கையிலிருந்த திருப்பியைப் பார்த்தாங்க. "நொம்ப நல்லா இருக்குது எஸ்தரு. ஏனுங்க, ஊட்டுல தோசையும் இதுலயேதான் திருப்புவீங்களா?"

சர்க்கரை போட்ட காப்பி

மஞ்சக்குட்டையில ஒரு எஸ்டேட் பங்களா. மேல மரநாய் சத்தம் கேக்குதுன்னு எஸ்டேட் கணக்கெழுதற ரைட்டர் சீலிங்குக்கு மேல ஏறியிருக்காரு. பூச்சு ஒடஞ்சு ஒத்தைக் கால் மட்டும் ஹாலுக்குள்ள தொங்குச்சாம். ஆளுக்கு ஒண்ணும் ஆகலை, சீலிங்குல பானை அளவுக்கு ஓட்டை. முதலாளி வேற சனிக்கிழமை சேலத்துலிருந்து வர்றாரு. "எஸ்தரக்கா, என் வேலையே போயிருமுங்க"ன்னு மனுசன் அழாத குறை.

சணல் நாரை வெட்டிப் போட்டுச் சுண்ணாம்பைக் கொழச்சு அடைச்சு, அடியில பலகை வெச்சு முட்டுக் கொடுத்து மூணு நாள் வுட்டேன். நல்லாவே புடிச்சுக்கிச்சு. ஆனா பழைய சீலிங் புகையேறி மங்கிக் கிடக்குது, புதுசா வெள்ளையடிச்சா பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துரும். அதுக்கு என் மருந்து காப்பி டிகாக்சன். வெள்ளையில கலந்து அடிச்சா அச்சு அசலா அதே நிறம். ரைட்டரைக் கொண்டாரச் சொன்னேன். அவரு பதட்டத்துல வழக்கம் போலச் சர்க்கரையைப் போட்டு ஆத்தியே கொண்டாந்துட்டாரு. நானும் கவனிக்காம அடிச்சுட்டேன்.

சனிக்கிழமை முதலாளி அண்ணாந்து பார்த்தா, எறும்பு சாரை சாரையா செவுத்துல ஏறி, சரியா அந்த ஓட்டை அளவுக்கு மேயுது! எனக்கு உசிரே போயிருச்சு. ரைட்டர் எல்லாத்தையும் கொட்டிட்டாரு. முதலாளி சிரிச்ச சிரிப்பு இருக்கே! "எறும்பு மட்டும் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது எஸ்தரு!"

தட்டிப் பார்த்தாரு

ஈரத்துணியால தொடச்சு, சர்க்கரை இல்லாத டிகாக்சன்ல மறுபடி அடிச்சுக் கொடுத்தேன். முதலாளி ஹால் செவுத்துல இருந்த ஏழு ஓட்டையையும் என்கிட்டயே வுட்டாரு. அடுத்த மாசம் சமையக்கட்டு வேலைக்கு நம்ம பெரிய கொத்தனார் அங்க வந்தாரு. "எஸ்தரு பூசுன எடத்தைக் கண்டுபிடி, பார்க்கலாம்"னு முதலாளி சொல்லிட்டாரு.

வேலையாளுங்க எல்லாம் கூடிட்டாங்க. கண்டுபிடிச்சுட்டா எனக்கு மறுபடியும் கலவைச் சட்டிதான், ஆயுசுக்கும். அவரு கரணைக் காம்பால செவுத்தைத் தட்டித் தட்டிக் காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே வந்தாரு. என் ஏழு எடத்தையும் தாண்டிப் போனாரு. ஜன்னலோரம் ஒரு எடத்துல 'டொக்கு'ன்னு சத்தம். "இதா! பொம்பளை வேலை. உள்ள புடிக்கவே இல்லை பாருங்க"ன்னு எல்லாரையும் திரும்பிப் பார்த்தாரு.

ரைட்டர் மெதுவா முன்னாடி வந்தாரு. "ஏனுங்க கொத்தனாரே, அது போன வருசம் நீங்க பூசுனதுங்க."

அதுக்கப்புறம் மலை பூரா என்னைக் கூப்பிட்டாங்க, கொத்தனாரு ஊட்டம்மா கூடத்தான். ஒரே குறை என்னன்னா, நான் பூசுன எடம் இதுன்னு நாலு பேருக்குக் காட்டலாம்னு போனா, எடம் எனக்கே தெரிய மாட்டேங்குதுங்க.